மங்கலநாச்சியின் கதை முடிந்த மாலை

மேகம் தங்கிப் போகும் மலையும், வேனிலிலும் வற்றாத பேரேரியும் உடைய கார்க்குடை நாட்டை ஆளும் கோ விறல்நெடுமான் அடிகள் திருவாய் மொழிந்தருளியபடி, அவருடைய ஓலைநாயகம் நக்கன் பூதி எழுதுவது. தேனருவி நாட்டுப் பேரமைச்சர் ஆளி நம்பியார் கண்டருள்க. தங்கள் அரசர்க்கு நோயற்ற உடலும், தங்கள் குடிகளுக்குக் குறைவற்ற விளைச்சலும், தங்கள் செவிகளுக்கு நீங்காத அமைதியும் வாய்க்க. மூன்றாவது வாழ்த்தை வழக்கத்துக்கு மாறாகச் சேர்த்திருக்கிறோம். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

தங்கள் திருவோலை வந்து சேர்ந்தது. எம் தலைநகர் மேழிநகரின் தேரடி வெளியில் மாலைதோறும் நடைபெறும் அந்திக்கூத்தின் புகழ் தங்கள் நாட்டுச் சந்தைகள் வரை பரவிவிட்டது எனவும், தங்கள் அரசியார் அதைக் காண ஆவல் கொண்டுள்ளார் எனவும், ஆகவே கூத்தர் குழுவையும் அதற்கு வசனம் எழுதும் புலவர் கூத்தன் அரிஞ்சியையும் ஓராண்டுக்கு அனுப்பித் தரவேண்டும் எனவும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். நட்பு நாடு கேட்டதை மறுத்துப் பழக்கமில்லை எமக்கு. ஆயினும், சீக்கு மாட்டைச் சீக்கைச் சொல்லாமல் விற்றவர் என்ற பெயர் வேண்டாம் என்று எம் அரசர் கருதுகிறார். சென்ற கார்காலத்தில் இங்கு நடந்ததை முதலில் கேட்டருள்க. எதை அனுப்புகிறோம், எதை அனுப்ப மறுக்கிறோம் என்பதைப் பிறகு சொல்வோம்.

அக்கூத்துக்கு ‘மங்கலநாச்சி’ என்று பெயர். புகுந்த வீட்டில் துன்புறும் ஒரு நல்ல பெண்ணின் கதை. எம் அரசரின் தந்தையார் நோயில் கிடந்தபோது அவர் மனம் மகிழ்வதற்காகத் தொடங்கப்பட்டது. கதை முடியும் முன்னரே அவர் மறைந்தார். அரசரின் தாயார், எங்கள் பெரியபிராட்டியார், அவர் பார்த்துக்கொண்டிருந்த கதை எக்காலத்தும் முடியலாகாது என்று ஆணையிட்டார். புலவர் அரிஞ்சியிடம் இருந்ததோ ஒரு பருவத்துக்குப் போதுமான கதை. கதை தீர்ந்தது, ஆணை தீரவில்லை. ஆகவே அவர் சொற்களை இழுக்கலானார்.

எப்படி இழுத்தார் என்பதை அறியாமல் தாங்கள் அவரை விரும்பிக் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய கூத்தில் மாமியார் வந்துவிட்டதாக ஒருவர் சொன்னால், கேட்டவர் “என்ன, மாமியார் வந்துட்டாங்களா?” என்று திருப்பிக் கேட்பார். உடனே முழவு மூன்று முறை முழங்கும். அங்குள்ள அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவர். பிறகு முதலில் சொன்னவர், ஆம், மாமியார்தான் வந்துவிட்டார் என்பார். அதற்குள் இருட்டிவிடும். அடுத்த மாலையில்தான் மாமியார் உள்ளே வருவார். அண்ணியைக் கூப்பிடும் பெண், “என் கூடப்பொறந்த அண்ணனைக் கட்டிக்கிட்ட அண்ணி” என்று, அந்த அண்ணிக்கே அவர் யார் என்பதை அறிவிப்பாள். தீங்கு நினைப்பவர் தம் சூழ்ச்சி முழுவதையும் தூணைப் பார்த்து உரக்கச் சொல்லுவார். அருகில் நிற்பவர்க்கு அது கேட்காது, அடுத்த அறையில் ஒட்டுக் கேட்பவர்க்கு மட்டும் கேட்கும். “நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல” என்று அழுகிறவள், வேறு எந்த மாதிரி என்பதைக் கடைசிவரை சொல்லமாட்டாள். அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவ்வீட்டின் துன்பம் யாவும் அன்றே தீர்ந்திருக்கும் என்பதை எம் நாட்டின் பச்சைக் குழந்தையும் அறியும். மங்கலநாச்சி கருவுற்று மூன்று கார்காலம் கழிந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடுவது நலம்.

இவை மேடையோடு நின்றிருந்தால் யாமும் சிரித்துவிட்டு உறங்கியிருப்போம். ஆனால் நாள்தோறும் கேட்கும் பேச்சு நாவில் ஒட்டிக்கொள்ளும் தன்மையது. வயிற்றுவலி என்று வந்த நோயாளியிடம் மருத்துவர், உண்மையைத் தாங்கும் வலிமை உண்டா என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள, நோயாளி அங்கேயே மயங்கி விழுந்தார். அவருக்கு இருந்தது வாயுத்தொல்லை. அறங்கூறும் அவையில் சாட்சிகள், இனிமேலும் மௌனமாக இருக்க முடியாது என்று சூளுரைத்துவிட்டு மௌனமாக நின்றார்கள். அரண்மனை மடைப்பள்ளியில் பரிமாறுகிறவனைப் பார்த்துச் சமையற்காரன், “இந்தக் கொழம்புல என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சா நீ ஆடிப்போயிடுவ” என்று சொன்னது அரசர் காதில் விழுந்து, அரசர் அன்று பட்டினி கிடந்தார். புளி சற்றுக் கூடிவிட்டதாம். அதைச் சமையற்காரனின் வாயிலிருந்து வரவழைக்க வாட்காவலரை அழைக்க வேண்டியிருந்தது.

சிரிப்பு இவ்வளவோடு முடிகிறது, அமைச்சர் பெருமானே. இனி நடந்தது வேறு வகையானது.

மேழிநகர்க்கு மேற்கே பேரேரி. அதன் கரையை மாறன் என்பவர் காத்துவந்தார். ஐப்பசி அடைமழை விட்ட ஒரு நாள், பொழுது சாயத் தொடங்கும் வேளையில், கரையின் அடியில் நீர் கசிவதைக் கண்டார். கசிவு கலங்கலாக இருந்தது. கரைக்குள் மண் கரைகிறது என்று அதற்குப் பொருள். உடனே தம்முடன் இருந்த குதிரைத் தூதன் காரியை அழைத்து, நகருக்கு விரைந்து சென்று நீர்நிலைகளின் கண்காணியான நாகவேளாரிடம் செய்தி சொல்லி, மண்வெட்டியோடும் மணல்மூட்டையோடும் ஆட்களை அழைத்துவரும்படி சொன்னார். தாம் கூடையில் மண் அள்ளிக் கசிவின்மேல் கொட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

காரி குறை சொல்லமுடியாத குதிரைவீரன். வழியில் எங்கும் நில்லாமல், கடிவாளத்தைத் தளர்த்தாமல் வந்து சேர்ந்தான். ஆனால் அந்திக்கூத்தை ஒரு மாலையும் தவறவிடாதவன். நாகவேளாரும் அப்படியே. கண்காணி மண்டபத்தில் இருவர்க்கும் நடந்த பேச்சை, அங்கே ஏடு எழுதிக்கொண்டிருந்த கணக்கர் பின்னர் அவையில் சொன்னபடியே எழுதுகிறோம். எம் சொந்தக் கற்பனை ஏதும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை.

காரி மண்டபத்தின் நடுவில் நின்று வணங்கிவிட்டு, சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஐயா, உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்.”

“என்ன, முக்கியமான விஷயமா?”

“ஆமாங்கய்யா. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலையா? காரி, நீ எதையோ மறைக்கிற.”

“நான் மறைக்கலீங்கய்யா. காலந்தான் மறைக்குது.”

இதைக் கேட்ட நாகவேளார் எழுந்து தூணருகே சென்றார். தூணைப் பார்த்து, தம் மகள் குதிரைக்கொட்டில் தலைவனின் மகனை விரும்பும் செய்தி இவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று உரக்க ஐயுற்றார். ஓர் அடி தள்ளி நின்ற காரி, கூத்தின் முறைப்படி, அதைக் கேளாதவன் போல நின்றான். பிறகு நாகவேளார் திரும்பிவந்து, எதுவாயினும் தாம் கலங்கப்போவதில்லை, சொல்லலாம் என்றார். காரி, பெரியவர் ஒருவர் அங்கே தன்னந்தனியாக நிற்கிறார் என்றான். எந்தப் பெரியவர் என்று கேட்டார் நாகவேளார். தங்களுக்குத் தெரிந்தவர்தான் என்றான் காரி. எங்கே நிற்கிறார் என்று கேட்டார். எங்கே நிற்கக் கூடாதோ அங்கே நிற்கிறார் என்றான். இவ்வாறு செல்லுகையில் தேரடியில் கூத்துத் தொடங்குவதற்கான முழவு கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “மீதியை நாளைக்குச் சொல்றேங்கய்யா” என்றான் காரி. நாகவேளார் தலையசைத்தார். இருவரும் மேலாடையைச் சரிசெய்துகொண்டு தேரடிக்கு விரைந்தார்கள்.

ஏரிக்கரையில் மாறன் இன்னும் மண் சுமந்துகொண்டிருந்தார். நகரத்துச் சாலையில் புழுதி எழுகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதும், குனிந்து அள்ளுவதுமாக இருந்தார். கதிரவன் மறையும்போது கரை உடைந்தது.

அன்றைய மாலை தேரடியில் நகரமே கூடியிருந்தது. மங்கலநாச்சியை வீட்டைவிட்டு வெளியேற்றச் சூழ்ச்சி செய்யும் சின்ன மாமியார் வஞ்சிக்கொடியின் வேடத்தைச் சேந்தி என்னும் கூத்துப் பெண் பல ஆண்டுகளாக ஏற்றிருந்தாள். நடிப்பில் வல்லவள். அதனாலேயே கடைத்தெருவில் அவளுக்குக் கத்தரிக்காய் விற்பார் இல்லை. பெண்கள் அவளைக் கண்டால் தம் மருமகள்களை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு கதவடைப்பார்கள். அவள் தன் தங்கை மகளை எடுத்து வளர்ப்பவள் என்பதும், கூத்து முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீடு செல்பவள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

மேடை உயரமானது, மேற்கு நோக்கியது. கூட்டம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது, சேந்தி கூட்டத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். நெசவாளர் தெருவின் கோடியில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைவதையும், அவற்றின் இடத்தில் ஏதோ பளபளப்பதையும் கண்டாள். சொல்லவேண்டிய வசனத்தை விட்டுவிட்டாள்.

“தண்ணி வருது” என்றாள்.

மங்கலநாச்சி வேடத்தில் இருந்தவள், பழகிய நாவினால், “என்ன, தண்ணி வருதா?” என்று கேட்டாள். முழவு மூன்று முறை முழங்கியது. கூட்டம் மகிழ்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தது.

சேந்தி மீண்டும், உண்மையாகவே சொல்வதாகவும், ஏரிநீர் ஊருக்குள் வருவதாகவும் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, மங்கலநாச்சியைப் பார்த்து, “அவ பேச்சை நம்பாதடி, உன்னை வீட்டைவிட்டுத் தொரத்தப் பாக்குறா” என்று அறிவுரை சொன்னாள். பலர் ஆமோதித்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்த புலவர் அரிஞ்சி, இது தாம் எழுதியதில் இல்லையே என்று முதலில் திகைத்தார் எனவும், பின்னர், இதை வைத்துக் கார்த்திகை வரை ஓட்டலாம் என்று முழவடிப்பவனிடம் முணுமுணுத்தார் எனவும் முழவடிப்பவன் பிறகு சாட்சி சொன்னான். சேந்தி பொய்க்கொண்டையைப் பிடுங்கி எறிந்தாள். வஞ்சிக்கொடிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கூட்டம் வாய்பொத்தி வியந்தது. கூட்டத்தில் நாகவேளாரும் இருந்தார். காரியும் இருந்தான். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் காரியின் முகம் வெளுத்தது என்று அருகில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவன் வாய் திறக்கவில்லை.

அப்போது அவள் மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை, வஞ்சிக்கொடியின் குரலிலும் பேசவில்லை. அக்குரலை மேழிநகர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

“கதை முடிஞ்சிருச்சு. இனிமே ஒண்ணும் கெடையாது. எந்திரிச்சுக் கோயில் மேட்டுக்குப் போங்க.”

முழவடிப்பவனின் கோல் பாதியில் நின்றது. தண்ணீர் வருகிறது என்பதை நம்பாத கூட்டம், கதை முடிந்தது என்பதை நம்பியது. ஏனெனில் அப்படி ஒரு சொல்லை அந்த மேடையிலிருந்து எவரும் சொன்னதில்லை, பொய்யாகக்கூடச் சொன்னதில்லை. கதை இல்லை என்றால் அமர்ந்திருக்கக் காரணமும் இல்லை. ஒருவர் எழுந்தார். பாயைச் சுருட்டினார். வீடு செல்வதற்காகத் திரும்பினார். திரும்பியபோதுதான் கண்டார். அவர் கண்டதை அடுத்தவர் கண்டார், பிறகு எவரும் எவரிடமும் என்ன என்று கேட்கவில்லை. சேந்தி மேடையிலிருந்து குதித்து, தன் பேச்சை நம்பாதே என்று அறிவுரை சொன்ன அந்த மூதாட்டியையே தோளில் தாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். மூதாட்டி வழியெல்லாம் அவளை வைதுகொண்டே வந்தாள் என்று கேள்வி.

வெள்ளம் நெசவாளர் தெருவை முற்றாகக் கொண்டுபோயிற்று. தறிகள் போயின, கட்டுத்தறியில் நின்ற மாடுகள் போயின, கூத்துமேடை மிதந்து சென்று வடக்குவாயிலில் முட்டி நின்றது. நகரமே தேரடியில் இருந்ததாலும், தேரடி எழுந்து நடந்ததாலும் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. மாறனை மறுநாள் ஒரு பனைமரத்தின் கழுத்திலிருந்து இறக்கினார்கள். அவருடைய கால் முறிந்திருந்தது.

நீர் வடிந்ததும் புலவர் அரிஞ்சி அரசவையில் வழக்குத் தொடுத்தார். வெள்ளத்தைப் பற்றி அன்று. சேந்தி, எக்காலத்தும் முடியலாகாது என்ற பெரியபிராட்டியாரின் ஆணையை மீறி, அவையோர் அறியக் கதையை முடித்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. ஆணை மீறியவர்க்கு நாடு கடத்தல் தண்டனை. புலவர் தம் குற்றச்சாட்டை முன்வைக்கப் பிற்பகல் முழுவதும் எடுத்துக்கொண்டார். நடுவில் மூன்று முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மாறனைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். அவர் அரசரையோ புலவரையோ பார்க்கவில்லை. காரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார்.

“ஆளு வரும் வரும்னு நின்னேன். நீ போயி என்னப்பா சொன்ன?”

காரி, “அது வந்து” என்று தொடங்கினான். கூத்தில் அடிக்கடி வரும் அவ்விரு சொற்களுக்கு நாடெங்கும் சிரித்துப் பழகியிருந்தோம். அவையில் அன்று எவரும் சிரிக்கவில்லை. காரி தரையைப் பார்த்துக்கொண்டு, தான் ஒன்றும் சொல்லவில்லை என்றான். பல ஆண்டுகளில் அவன் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

பிறகு பெரியபிராட்டியார் பேசினார். அவர் அவையில் பேசுவது அரிது. புலவரை அருகே அழைத்து, மங்கலநாச்சிக்குக் குழந்தை எப்போது பிறப்பதாக இருந்தது என்று கேட்டார். புலவர் அதைக் காலம்தான் சொல்லவேண்டும் என்றார். பெரியபிராட்டியார், காலம் அவையில் இல்லை, தாங்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள் என்றார். புலவர், தமக்கே தெரியாது என்றும், தெரியாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும், தம் வீட்டில் உப்பு இருக்கிறதா என்று மனைவி கேட்டாலும் தம்மால் நேராக விடை சொல்ல முடிவதில்லை என்றும் சொல்லி அழுதார். அந்த அழுகையில் முழவு இல்லாதது குறையாகத் தோன்றவில்லை.

பெரியபிராட்டியார் சேந்தியைப் பார்த்து, கதையை ஏன் முடித்தாய் என்று கேட்டார்.

“தண்ணி வந்துச்சுங்கம்மா” என்றாள் சேந்தி.

அதற்குப் பெரியபிராட்டியார் சொன்னதை அப்படியே எழுதும்படி அரசர் ஆணை.

“அவர் எறந்துட்டாருன்னு எங்கிட்ட யாரும் நேராச் சொல்லல. மருத்துவர் மொகத்தைத் திருப்பிக்கிட்டார். அமைச்சர் மனசைத் தேத்திக்கங்கன்னார். எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. வாசல்ல சங்கு ஊதுனப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தச் சங்கைக் கேக்காத மாதிரியே இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். நீ நேராச் சொன்ன. முடிஞ்சது முடிஞ்சதுதான்.”

அதோடு அவை கலைந்தது.

இனி ஆணைகள். சேந்தி குற்றமற்றவள். கூத்தர் குழுவின் தலைமை இனி அவளுடையது. காரி, மாறனின் கால் கூடும்வரை அவரைச் சுமந்து திரிய வேண்டும்; அவர் எங்கே போகவேண்டும் என்று சொல்கிறாரோ அங்கே, சொன்னவுடன், திருப்பிக் கேளாமல். நாகவேளார் பதவி இழந்து, உடைந்த கரைக்கு மண் சுமக்கிறார். அவர் மகளின் திருமணம் தைத்திங்களில் நடைபெறும், அவள் விருப்பம் அனைவர்க்கும் முன்பே தெரிந்திருந்தது. புலவர் அரிஞ்சிக்கு அரசர் பேரேரிக் கரையில் ஒரு பரணும் ஒரு கொம்பும் அளித்திருக்கிறார். நீர் ஏறினால் ஊதவேண்டும். கொம்புக்கு வசனம் கிடையாது. ஆகவே அவரைத் தங்களுக்கு அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறோம், அவ்வருத்தம் பெரிதன்று.

சேந்தியின் குழுவை இவ்வோலையோடு அனுப்புகிறோம். அவர்கள் இப்போது ஆடும் கூத்துகள் ஒரே மாலையில் தொடங்கி அம்மாலையிலேயே முடிபவை. அவற்றுள் முதலாவதைக் கோயில் மேட்டில் ஆடினார்கள். மங்கலநாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வஞ்சிக்கொடி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் கதை. முடிந்தது என்று சேந்தி சொல்லி உள்ளே போய்விட்டாள். கூட்டம் எழவில்லை. எப்படி எழுவது என்று மறந்துபோனவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள். காவலர் சிலர் அவர்களைக் கலைக்க முற்பட்டபோது, கூட்டத்தின் நடுவே பாயில் அமர்ந்திருந்த பெரியபிராட்டியார் கையமர்த்தினார். சற்றுப் பொறுத்து ஒருவர் தம் பக்கத்தில் இருந்தவரிடம், தம் வீடு வெள்ளத்தில் போய்விட்டது, இன்று எங்கே படுப்பது என்று தெரியவில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர், தம் வீட்டில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார். அவ்விருவரும் எழுந்து போனார்கள்.

ஆகவே தங்கள் நாட்டில் இக்கூத்து நடைபெறும் மாலைகளில் பின்வருவன செய்தருள்க என்று எம் அரசர் வேண்டுகிறார். முழவு ஒரு முறைக்கு மேல் முழங்கலாகாது. மேடை ஊருக்கு வெளிப்புறம் நோக்கி இருக்கட்டும். கதை முடிந்ததும் மக்கள் உடனே கலையமாட்டார்கள், அவர்களை விரட்டவேண்டாம். விளக்கை மட்டும் அணைக்காமல் வைத்திருங்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கி, தாமே எழுந்து போவார்கள்.

இவ்வோலை மேழிநகர் அரண்மனையில், அரசர் கேட்டிருக்க ஒருமுறை படிக்கப்பெற்று, அவர் சரி என்ற பின், விறல்நெடுமான் அடிகளின் யானை இலச்சினை இடப்பெற்றது. எழுதியவன் ஓலைநாயகம் நக்கன் பூதி. இதனைக் கொண்டுவருபவள் சேந்தி. ஐயம் இருப்பின் அவளைக் கேட்டறிக, நேராகச் சொல்லுவாள்.